அவிநாசியே ஒரு கேமாக மாறினால்? ஓப்பன் வேர்ல்டு சர்வைவல் கேம் எப்படி உருவாகிறது?

கையில் ஒரு கம்பு. இடுப்பில் காலியான சுரைக்குடுவை. தலைக்கு மேல் சித்திரை வெயில். திரையின் மூலையில் இரண்டு எண்கள்: பசி 60, தாகம் 20. தெற்கே நடந்தால் திருப்பூர், மேற்கே போனால் கோவை. எந்தப் பக்கம் போகணும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதுதான் ஓப்பன் வேர்ல்டு சர்வைவல் ஆர்பிஜி. ஓப்பன் வேர்ல்டு என்றால் போட்டு வைத்த பாதை கிடையாது. சர்வைவல் என்றால் எதிரியை விட முதலில் பசியும் தாகமும்தான் ஆளைக் கொல்லும். ஆர்பிஜி என்றால் செய்யச் செய்ய கதாபாத்திரம் தேறிக்கொண்டே போகும், ஊரில் அதற்கொரு பெயரும் கிடைக்கும். மைன்கிராஃப்ட், டோன்ட் ஸ்டார்வ், வால்ஹைம் எல்லாம் இந்தக் குடும்பத்துக்குச் சொந்தக்காரர்கள்.

இப்படி ஒரு கேமை எப்படி வடிவமைக்கிறார்கள்? அவிநாசியை உதாரணமாக வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். காரணம், இந்த வட்டாரத்துக்குத் தண்ணீர்ப் பஞ்சம் கற்பனை இல்லை.

தாகத்துக்கு ஒரு கணக்கு

சர்வைவல் கேமின் உயிர் கிராபிக்ஸில் இல்லை, கணக்கில் இருக்கிறது. தாகம் 100-ல் தொடங்குகிறது, 10 விநாடிக்கு ஒன்று குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 1,000 விநாடி, அதாவது சுமார் 17 நிமிடம். கதாபாத்திரம் விநாடிக்கு 5 மீட்டர் ஓடினால், வயிறு நிறையக் குடித்த தண்ணீரில் 5 கிலோமீட்டர் போகலாம். திரும்பி வரவும் வேண்டும் என்றால் இரண்டரை கிலோமீட்டர்தான்.

ஆக, ஒரு குளத்தைச் சுற்றி கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் விழுந்துவிட்டது. அந்த வட்டத்தைத் தாண்ட வேண்டுமென்றால் குடுவை வேண்டும். பாதி வயிறு தண்ணீர் பிடிக்கும் ஒரு குடுவை கிடைத்தால் வட்டம் மூன்றே முக்கால் கிலோமீட்டராக விரியும். பூட்டிய கதவு, சாவி, காவலாளி எதுவும் தேவையில்லை. தாகமே கதவு, குடுவையே சாவி.

இப்போது வெயிலைச் சேர்க்கலாம். உச்சி வெயிலில் தாகம் இரண்டு மடங்கு வேகத்தில் ஏறினால் வட்டம் பாதியாகச் சுருங்கும். ஆட்டக்காரர் தானாகவே, 'சரி, ராத்திரி நடந்து போயிரலாம்' என்று யோசிப்பார். ராத்திரியில் பாம்பு, நரி, வழி தவறும் பயம். பகலா இரவா என்ற இந்த இழுபறியைத்தான் வடிவமைப்பாளர்கள் தேடுகிறார்கள்.

அடுத்த குளம் 4 கிலோமீட்டரில் இருந்தால்? போய்ச் சேரலாம். அது வறண்டு கிடந்தால் திரும்ப முடியாது. கேமில் நெஞ்சு படபடக்கும் இடம் அதுதான். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்தில் குடம் தூக்கி நடந்த பெண்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

ஒரு நாள் எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். மைன்கிராஃப்டில் ஒரு நாள் 20 நிமிடம். டோன்ட் ஸ்டார்வில் 8 நிமிடம்தான், அதனால் அந்த கேம் முழுக்க ஒரு பதற்றம் ஓடிக்கொண்டே இருக்கும். செத்தால் என்ன ஆகும் என்பதிலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரகம். மைன்கிராஃப்டில் பொருட்கள் கீழே சிதறும், 5 நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் மறைந்துவிடும். வால்ஹைமில் செத்த இடத்தில் ஒரு கல்லறை நிற்கும், அங்கே போய் மீட்டுக்கொள்ளலாம்.

மேப் எவ்வளவு பெரிசா இருக்கணும்?

புதிதாக கேம் செய்ய வருபவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது. 'ஊர் முழுக்க அப்படியே வெச்சிரலாம்' என்று ஆசைப்படுவார்கள். அவிநாசியில் இருந்து திருப்பூர் சுமார் 14 கிலோமீட்டர். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடினால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் ஒன்றும் நடக்காவிட்டால் போனை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

உலகம் கொண்டாடிய ஸ்கைரிம் கேமின் நிலப்பரப்பே சுமார் 37 சதுர கிலோமீட்டர்தான். கிட்டத்தட்ட ஆறுக்கு ஆறு. செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டு கேமின் இயக்குநர் ஹிடேமாரோ புஜிபயாஷி, தனக்கு நடந்து பழகிய கியோட்டோ நகர வரைபடத்தை கேம் மேப் மேல் வைத்துத்தான் தூரத்தை அளந்து பார்த்தார். எந்த இடத்துக்கு நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது உடம்புக்குத் தெரிந்த ஊர் அது. கொங்குப் பையன் ஒருவன் கேம் செய்தால் அவனுக்கு அந்த வசதி அவிநாசியில் இருக்கிறது.

அதே கேமில் இன்னொரு உத்தி, முக்கோணம். குன்று, பாறை, கோபுரம் என்று கண்ணை மறைக்கும் மேடுகளை வழி நெடுக வைப்பார்கள். ஏறுவதா, சுற்றிப் போவதா என்று ஆட்டக்காரர் முடிவு செய்யணும். சுற்றினால் பின்னால் மறைந்திருந்த வேறொன்று தெரியும், கால் அந்தப் பக்கம் திரும்பும். அவிநாசி பக்கம் பெரிய மலைகள் குறைவு. ஆனால் அவிநாசிலிங்கேசுவரர் கோயில் கோபுரம் இருக்கிறது, தனிப் பனை இருக்கிறது. முள்கிளுவை வேலி போட்ட கொறங்காடும் இருக்கிறது. வெள்ளைவேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாக, மாடு மேய விட்ட இந்தக் காட்டில் கோடையில் ஒரு தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று அதை எந்தப் பக்கம் தள்ளும் என்று விதிகளை எழுதிவிட்டால் போதும். சம்பவங்கள் தானாக நடக்கும்.

கத்தி செய்ய கொடுமணல் போகணும்

மரம் வெட்டு, கல் எடு, கோடாரி செய். எல்லா சர்வைவல் கேமிலும் இதே கதை, சலித்துவிட்டது. கொங்கு நாட்டில் இதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. சென்னிமலை அருகே, நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் அகழாய்வில் பழங்கால இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணிகள் செய்த பட்டறைத் தடயங்களும் கிடைத்துள்ளன. காங்கேயம் அருகே உள்ள படியூர், பச்சைக்கல் எனப்படும் பெரில் கல்லுக்குப் பேர் போன இடம்.

ஆக, மேப்பில் ஓர் இடத்தில் இரும்புத் தாது, இன்னோர் இடத்தில் கரி, வேறோர் இடத்தில் உலை. மூன்றையும் சேர்க்க ஆட்டக்காரர் நடந்தே ஆகணும். நடந்தால் தாகம். இப்படித்தான் ஒரு விதி இன்னொரு விதியோடு கைகோர்க்கிறது. கோவை அருகே கல்வெட்டே சாட்சியாக நிற்கும் இராசகேசரிப் பெருவழி மாதிரி ஒரு பழைய வணிகப் பாதையைச் சேர்த்தால் வணிகர் வருவார், கூடவே வழிப்பறிக்காரனும் வருவான்.

பேச்சிலும் ஊர் தெரியணும். 'ஏனுங் தம்பி, எந்தூருங்க? தண்ணி வேணுங்களா?' என்று ஒரு பாட்டி கேட்டால், அது எந்த ஊர் கேம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குளம் நிறைஞ்சா என்ன மாறும்?

ஆர்பிஜிக்கு ஒரு பெரிய வேலை வேண்டும். அவிநாசிக்கு அது கையிலேயே இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கோரிக்கையாக இருந்த அத்திக்கடவு - அவிநாசி திட்டத்துக்கு 2019-ல் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். 2024 ஆகஸ்ட் 17 அன்று அப்போதைய முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகும் நீரில் 1.5 டி.எம்.சி.யை 6 நீரேற்று நிலையங்கள் மூலம் மேலே தூக்கி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு செல்லும் திட்டம் இது.

கேமில் இதை வெறும் 'மிஷன் முடிந்தது' என்று காட்டினால் வீண். ஒரு குட்டை நிறைந்தால் அதைச் சுற்றிய தாக வட்டம் உயிர் பெறணும், புல் முளைக்கணும், மாடு வரணும், ஊரை விட்டுப் போன குடும்பம் திரும்பணும். எந்தக் குளத்துக்கு முதலில் தண்ணீர் விடுவது என்ற முடிவை ஆட்டக்காரர் கையில் கொடுத்தால், விடாத ஊர்க்காரர் முகம் திருப்பிக்கொள்வார். சண்டைக் காட்சியைவிட இது கடினமான கட்டம்.

போன் ஏன் சூடாகுது?

உலகம் முழுவதையும் ஒரே நேரத்தில் எந்த போனாலும் தாங்க முடியாது. அதனால் நிலத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஆட்டக்காரர் நிற்கும் கட்டத்தையும் பக்கத்துக் கட்டங்களையும் மட்டும் முழுதாகக் காட்டுவார்கள். தூரத்துப் பனைமரம் சும்மா ஒரு தட்டையான படம்தான். கிட்டே போகப் போக அது நிஜ மரமாகும். வேகமாக ஓடினால் கட்டங்களை மாற்றி மாற்றி ஏற்ற வேண்டும், போன் கொதிக்கும்.

காசும் காலமும்

கேம் என்றாலே ரம்மியா என்று கேட்கும் பெற்றோர் உண்டு. 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்தது பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை. இது அந்த ரகமே இல்லை.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. கோடோ எஞ்சின் முற்றிலும் இலவசம். அன்ரியல் எஞ்சினில் வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டிய பிறகுதான் 5 சதவீதப் பங்கு. ஸ்டீம் தளத்தில் ஒரு கேமை ஏற்ற 100 டாலர் கட்டணம், விற்பனையில் பொதுவாக 30 சதவீதம் அவர்களுக்கு.

உண்மையான செலவு காலம்தான். கென்ஷி என்ற ஓப்பன் வேர்ல்டு கேமை பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ் ஹன்ட் ஆரம்பத்தில் தனியாளாக, செக்யூரிட்டி வேலை பார்த்துக்கொண்டே செய்தார். முழு வடிவம் 2018-ல் வெளியானபோது சுமார் 12 ஆண்டுகள் ஓடியிருந்தன. நேர்மாறாக, டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக்குள் நடக்கும் சின்ன கேம். ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடிக்கலாம். அது 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது.

பெரிய நிறுவனங்களும் சின்னதாகத்தான் தொடங்குகின்றன. பிரெத் ஆஃப் தி வைல்டு குழு, பழைய காலத்து 2டி கேம் மாதிரி ஒரு மாதிரியைச் செய்து, மரம் வெட்டுவதும் தீ பிடிப்பதும் அதில் சரியாக வருகிறதா என்று முதலில் பார்த்தது. அவிநாசி கேமுக்கும் முதல் வாரத்தில் ஒரு சதுரம், இரண்டு நீல வட்டங்கள், குறைந்துகொண்டே போகும் ஓர் எண் போதும். சதுரம் ஆள், வட்டம் குளம், எண் தாகம். இரண்டாவது வட்டத்தை நோக்கிச் சதுரத்தை நகர்த்தும்போது கை லேசாக வியர்த்தால் மூன்றாவது குளத்தை வரையத் தொடங்கலாம்.