"நீங்களே பார்த்துக் கொடுங்கண்ணே!" - பகுதிநேர எலெக்ட்ரீஷியன்களின் கையைக் கடிக்கும் ஒரு வார்த்தை

கார்த்திகை தீபம் நெருங்கினால் திருவண்ணாமலையில் எலெக்ட்ரீஷியன்களின் போன் ஓயாது. லாட்ஜ் வராந்தாவில் எரியாத டியூப் லைட், கடை வாசலுக்கு சீரியல் செட், வாடகைக்கு விடும் மாடி அறைக்கு ஹீட்டர் பாயின்ட். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் மட்டும் டெஸ்டரை எடுப்பவர்களுக்கும் அப்போது கை நிறைய வேலைதான். கை நிறையக் காசா என்றால், அங்கேதான் சிக்கல்.

வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் கேட்பார், "எவ்வளவு தம்பி?"

"நீங்களே பார்த்துக் கொடுங்கண்ணே."

கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால், கொடுப்பவருக்குக் 'கம்மியா கொடுத்துட்டோமோ' என்ற சங்கடம். வாங்குபவருக்கு வண்டியை எடுக்கும்போதே மனக்குறை. இரண்டு பேருக்கும் நிம்மதி இல்லை.

முழு வீட்டு ஒயரிங் என்றால் கவலையில்லை. ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று பேசிவிடலாம். சின்ன வேலைக்கு அந்தக் கணக்கு உதவாது. ஒரு ஃபேன் மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். மாட்ட அரை மணி நேரம். போய்வர அரை மணி நேரம். கடைக்குப் போய் கப்பாசிட்டர் வாங்க 20 நிமிடம். ஆக, 1 மணி 20 நிமிடம். கணக்குக்காக மணிக்கு 150 ரூபாய் என்று வைத்தால் கூலி மட்டும் 200 ரூபாய். பெட்ரோல், தேய்மானத்துக்கு 50 சேர்த்தால் 250. 'அரை மணி நேர வேலைதானே' என்று 100 ரூபாய் வாங்கியவர், மீதியைத் தன் பாக்கெட்டிலிருந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்!

அதனால், வீட்டுக்கு வந்தாலே குறைந்தபட்சம் இவ்வளவு என்று போனிலேயே சொல்லிவிடுவது நல்லது. பௌர்ணமி என்றால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வண்டி நகராது. அன்று வரும் அழைப்புக்கு "நாளைக்கு வர்றேன்" என்பதே சரியான பதில்.

ரொம்பவும் வாய்ச்சண்டை வருவது ஃபால்ட் பார்க்கும் வேலையில். டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும் வீட்டில் ஒவ்வொரு சர்க்யூட்டாகக் கழற்றிப் பார்க்க இரண்டு மணி நேரம் ஆகும். கடைசியில் பார்த்தால், மொட்டைமாடி லைட் ஹோல்டரில் மழைத்தண்ணீர். சரிசெய்ய இரண்டே நிமிடம். "இதுக்கா இவ்வளவு?" என்ற கேள்வி நிச்சயம் வரும். 'கண்டுபிடிக்கத் தனி, சரிசெய்யத் தனி' என்று முதலிலேயே சொன்னவர் தப்பிக்கிறார்.

பொருளை யார் வாங்குவது? வீட்டுக்காரரே வாங்கிவிட்டால் கடை கமிஷன் சந்தேகம் எழாது. எலெக்ட்ரீஷியன் வாங்கினால் பில்லோடு கொடுத்துவிட வேண்டும். தாமிர விலை ஏறினால் ஒயர் விலையும் ஏறும் என்பதால், சொன்ன விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'மாசச் சம்பளம் வருதே, இது மேல்வரும்படிதானே' என்று விலையைக் குறைப்பவரால், இதையே நம்பிக் குடும்பம் நடத்தும் முழுநேரத் தொழிலாளிக்கு வேலை போகிறது. அதைவிட ஆபத்து, குறைத்துச் சொன்ன விலையில் வேலையை அடக்குவது. 3,000 வாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி லைன், எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி எல்லாம் வேண்டும். பக்கத்து லைட் பாயின்ட்டிலிருந்து ஒயரை இழுத்துக் கொடுத்தால் செலவு பாதிதான். ஆனால் ஒயர் சூடாகும். எர்த்தும் இல்லையென்றால் குளிக்கப் போகிறவரின் உயிருக்கே ஆபத்து. 'இந்த விலைக்கு முடியாது' என்று எழுந்து வரத் தெரிந்தவரைத்தான் வீட்டுக்காரர்கள் நம்ப வேண்டும்.

சட்டமும் இங்கே ஒரு கோடு போட்டிருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ம் ஆண்டு பாதுகாப்பு விதிமுறைகளின்படி, ஃபேன், ஸ்விட்ச், ஃபியூஸ், பல்பு போன்றவற்றை அதே இடத்தில் மாற்றுவதற்கு விலக்கு உண்டு. புது லைன் இழுப்பது அப்படியல்ல. அதை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வழியாக, தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். மாடி அறைக்கு ஹீட்டர் பாயின்ட் கேட்டு போன் வந்தால், கையில் சான்றிதழ் இல்லாத பகுதிநேரக்காரர் விலை சொல்லக் கூடாது; உரிமம் உள்ளவரின் போன் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும்.