அரைச் சாண் இணைப்பு

2008 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, காலை 11 மணி 18 நிமிடம். ஜெனீவாவுக்கு வெளியே, ஃபிரான்ஸ் - சுவிட்சர்லாந்து எல்லைக்கு அடியில், சுமார் நூறு மீட்டர் ஆழத்தில் ஓடும் 27 கிலோமீட்டர் வட்டச் சுரங்கம். அதற்குள் உலகின் மிகப் பெரிய துகள் முடுக்கி. ஒன்பது நாட்களுக்கு முன்புதான் புரோட்டான் கற்றை முதன்முறையாக அந்த வளையத்தை முழுதாகச் சுற்றி வந்திருந்தது. வளையத்தை எட்டுப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஏழு பகுதிகள் சோதனையில் தேறிவிட்டன. மிச்சமிருந்தது மூன்றாம் முனைக்கும் நான்காம் முனைக்கும் இடைப்பட்ட ஒன்று. அதன் காந்தங்களில் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். 9,300 ஆம்பியர் வரை போக வேண்டும். 8,700-ஐ எட்டியபோது, இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஓர் இணைப்பு விட்டுப்போனது.

அந்த இணைப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நீளம் 12 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாண். ஒரு காந்தத்திலிருந்து வரும் நியோபியம்-டைட்டேனியக் கம்பியும் அடுத்ததிலிருந்து வரும் கம்பியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். சுற்றிலும் செம்புக் கவசம். இடையில் வெள்ளீயமும் வெள்ளியும் கலந்த பற்றாசு உருகி ஓடி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்திருக்க வேண்டும். ரேடியோ, டிவி பழுதுபார்ப்பவர்கள் 'டிரை சால்டர்' என்பார்களே, பார்வைக்கு ஒட்டியிருக்கும், உள்ளே பற்றியிருக்காது. நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது விசாரணைக் குழுவின் முடிவு. 'இருக்க வேண்டும்' என்றுதான் சொல்ல முடிந்தது, ஏனென்றால் சாட்சி சொல்ல வேண்டிய இணைப்பே ஆவியாகிப் போயிருந்தது.

ஆனால் தடயம் வேறோர் இடத்தில் கிடைத்தது. விபத்துக்குச் சில நாட்கள் முந்தைய பதிவேடுகளைப் புரட்டியபோது, அதே இடத்தில் 7,000 ஆம்பியரிலேயே வெப்பம் லேசாக ஏறியிருந்தது தெரிந்தது. கணக்குப் போட்டார்கள். அந்த இணைப்பின் மின்தடை சுமார் 220 நானோ ஓம். நல்ல இணைப்பில் 0.3 நானோ ஓம்தான் இருக்கும். 8,700 ஆம்பியர் பாயும்போது 220 நானோ ஓமில் பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ 17 வாட். வீட்டில் எரியும் எல்இடி பல்பு அளவு. மைனஸ் 271 டிகிரி திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கும் உலோகத்துக்கு அந்தச் சூடே பெருநெருப்பு. கம்பி தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் தன்மையை, அதாவது மீக்கடத்தும் தன்மையை இழந்தது, செம்பும் தாங்கவில்லை, மின்பொறி பாய்ந்து ஹீலியக் கலத்தைத் துளைத்தது.

அந்தப் பகுதியின் 154 வளைப்புக் காந்தங்களில் அப்போது தேங்கியிருந்த ஆற்றல் ஏறத்தாழ 60 கோடி ஜூல். ஹீலியம் கொதித்துப் பீறிட்டது. வால்வுகள் விநாடிக்கு 2 கிலோ வெளியேற்றுமாறு செய்யப்பட்டவை, வந்ததோ 20 கிலோ வரை. அழுத்தம் தாளாமல், பல டன் எடையுள்ள காந்தங்கள் கான்கிரீட் தரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நகர்ந்தன, சில அரை மீட்டர் வரைகூட. ஆறு டன் ஹீலியம் போனது. சுரங்கத்தில் யாரும் இல்லாததால் எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தத் தரையில் இந்த வளையத்தின் காந்தங்கள் உட்கார்ந்திருக்கும் ஜாக்கிகள் இந்தியாவில் செய்யப்பட்டவை. 6,800 ஜாக்கிகளை நம் நாடு கொடுத்தது. 15 மீட்டர் நீளமும் 35 டன் எடையுமுள்ள காந்தத்தைத் தலைமுடிப் பருமன் கணக்கில் நகர்த்தி நேர்நிறுத்துவது அவற்றின் வேலை. ஜெனீவாவின் கண்டுபிடிப்புச் செய்திகளில் இந்த ஜாக்கிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அது ஒரு குறைதான்.

பழுதுபார்ப்பு என்றதும் திருகாணி, ஸ்பேனர் என்று மனதில் ஓடும். இங்கே முதல் வேலை காத்திருப்பு. பகுதியை அறை வெப்பத்துக்குக் கொண்டுவரவே வாரக்கணக்காகும், திரும்பக் குளிர்விக்கவும் அப்படியே. பிறகு 53 காந்தங்களை மேலே எடுத்தார்கள். 16 செப்பனிடப்பட்டுத் திரும்பின. 37-க்குப் பதில் உதிரிக் கையிருப்பிலிருந்து புதியவை போயின. இவ்வளவு நீளக் காந்தம் இறங்குவதற்கு உள்ள வழி ஒரே ஒரு செங்குத்துக் குழி. அதற்குப் பின் சுரங்கத்துக்குள் மணிக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டியில், நம் நடைவேகத்தைவிட மெதுவாக, அதனதன் இடத்துக்குப் பயணம். கற்றைக் குழாய்க்குள் கரி படிந்திருந்தது. கிலோமீட்டர் கணக்கில் துடைத்தெடுத்தார்கள். கடைசி மாற்றுக் காந்தம் 2009 ஏப்ரல் 30 அன்று இறங்கியது. நவம்பர் 20 அன்று கற்றை மீண்டும் சுற்றியது.

இந்தக் கதையில் நான் மிகவும் மதிப்பது அடுத்து எடுத்த முடிவை. ஒரு பகுதியைச் சரிசெய்தாயிற்று. ஆனால் இதே போன்ற இணைப்புகள் வளையம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேல். அவற்றில் எத்தனை நொண்டி? எல்லாவற்றையும் திறந்தால் ஆண்டுக்கணக்கில் ஓட்டம் நிற்கும். திறக்காமல் முழு வேகத்தில் ஓட்டினால் செப்டம்பர் 19 திரும்ப வரலாம். 2010 தொடக்கத்தில் பாதி ஆற்றலில் ஓட்டுவதென்று முடிவாயிற்று. கற்றைக்கு 7 டெரா எலெக்ட்ரான்வோல்ட் என்று கட்டிய எந்திரத்தை 3.5-இல் ஓட்டினார்கள், பிறகு 4-இல். அப்படி அடக்கி ஓட்டியபோதே, இயற்பியலாளர்கள் நெடுநாள் தேடிய ஹிக்ஸ் துகள் அகப்பட்டது. 2012 ஜூலை 4 அன்று அறிவித்தார்கள். எந்திரத்தின் பலவீனத்தை ஒப்புக்கொண்டு ஓட்டியவர்களுக்குக் கிடைத்த பலன் அது.

2013 பிப்ரவரியில் வளையத்தை நிறுத்தி, அத்தனை இணைப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உருக்கிப் புதிதாகவே பற்றவைக்க வேண்டியிருந்தது. இனி பற்றாசு கைவிட்டாலும் மின்சாரம் சுற்றிப் போக வழியிருக்கட்டும் என்று, சுமார் 27,000 செம்புப் பட்டைகளைக் கூடுதலாக வைத்தார்கள். 2015-இல், எதிரெதிரே வரும் இரு கற்றைகளும் சேர்ந்த மோதல் ஆற்றல் 13 டெரா எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு ஏறியது.

குளிரும்போது முழு வளையமும் சுமார் 80 மீட்டர் சுருங்குகிறது, சூடேறும்போது திரும்ப நீள்கிறது. காந்தங்களுக்கு இடையே உள்ள மெல்லிய செம்பு விரல்கள் இந்த நீட்சியில் சில சமயம் மடங்கிக் கற்றையின் பாதையில் நீட்டிக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்க ஒரு பந்து வைத்திருக்கிறார்கள். பிங்பாங் பந்தைவிடச் சற்றே சிறியது, உள்ளே ஒரு சிறு வானொலி ஒலிபரப்பி. அதைக் குழாய்க்குள் காற்றோட்டத்தில் அனுப்புவார்கள். கற்றையின் இருப்பிடம் அறியும் கருவிகள் வழிநெடுக அதன் குரலைக் கேட்கும். குரல் எங்கே நின்றுபோகிறதோ அங்கே விரல் மடங்கியிருக்கிறது. கோடிகோடியாகச் செலவிட்ட எந்திரத்துக்கு நாடி பார்க்க ஒரு பந்து!

எந்திரம் நிற்கும் காலம்தான், மோதலில் சிதறும் துகள்களைப் பதிவுசெய்யும் உணர்கருவிகளுக்கும் மராமத்துக் காலம். மோதல் நடக்கும் புள்ளியைச் சுற்றிச் சிலிக்கான் படலங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கிட்டே இருப்பதற்குத்தான் துல்லியம் அதிகம், அடி விழுவதும் அதற்கே. பாய்ந்து வரும் துகள்கள் சிலிக்கான் படிகத்தில் அணுக்களை இடம்பெயர்த்துவிடும், ஆண்டுகள் போகப் போக அது மங்கும். 14,000 டன் எடையுள்ள சிஎம்எஸ் என்ற உணர்கருவியைத் துண்டுதுண்டாக விலகும்படி கட்டியிருப்பது இதற்காகவும்தான். காற்று மெத்தைமேல் தூக்கி நகர்த்துவார்கள். 2017-இல் அதன் நடு நெஞ்சை மாற்றினார்கள். 6.6 கோடி பிக்சல் இருந்த இடத்தில் 12.4 கோடி வந்தது. முதல் அடுக்கு கற்றையிலிருந்து 2.9 சென்டிமீட்டரில்.

அடுத்த மாற்றம் இதைவிடப் பெரியது. திட்டப்படி 2026 நடுவில் தொடங்கும் நீண்ட நிறுத்தத்துக்குப் பிறகு மோதல்கள் பல மடங்கு பெருகும். புரோட்டான் கொத்துகள் 25 நானோ விநாடிக்கு ஒருமுறை ஒன்றையொன்று ஊடுருவுகின்றன. இப்போது ஒவ்வொரு ஊடுருவலிலும் சுமார் 60 மோதல், இனி 140 முதல் 200 வரை. தேர்க்கூட்டத்தில் ஒருவன் குரலை மட்டும் பிரித்துக் கேட்பது போன்ற வேலை. இடத்தை வைத்து மட்டும் பிரிக்க இனி முடியாது, நேரத்தை வைத்தும் பிரிக்க வேண்டும். அதற்காக, ஒரு நானோ விநாடியில் முப்பதில் ஒரு பங்கையும் அளக்கும் அடுக்குகளைச் செய்கிறார்கள். அட்லஸ் என்ற இன்னோர் உணர்கருவியின் உள்தடங்காட்டி முழுவதுமே சிலிக்கானாக மாறுகிறது. கதிரடியைத் தாங்க இவற்றைச் சுமார் மைனஸ் 30 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். குளிரூட்டும் குழாய், கேபிள் எல்லாம் பழைய கருவியின் இடுக்குகள் வழியாகவே போயாக வேண்டும். ஓர் அங்குலத்துக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடுகிறார்கள் என்றால் அதில் வியப்பில்லை.

முடுக்கியில் 1.2 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய பாகங்கள் வருகின்றன. மோதல் புள்ளிக்கு இருபுறமும் கற்றையைக் குவிக்கும் காந்தங்கள் நியோபியம்-வெள்ளீயக் கம்பியில் ஆனவை. வலிமையான காந்தப்புலம் தரும், ஆனால் அப்பளம்போல் நொறுங்கும் பொருள். மின்சாரம் கொண்டுவருபவை மெக்னீசியம் டைபோரைடு வடங்கள். அங்கும் ஒரு வகைக் கம்பி இன்னொரு வகைக் கம்பியோடு சேரும் இடங்கள் உண்டு. அதனால்தான் சுரங்கத்தில் இறக்குவதற்கு முன்பே, அந்தக் காந்த வரிசை ஒன்றை முழுவதுமாக மேலே ஒரு சோதனைக் கூடத்தில் அதே அளவில் கோத்து வைத்திருக்கிறார்கள். முதலில் குளிர்விப்பார்கள். பிறகு மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வோர் இணைப்பின் தடையையும் நானோ ஓம் கணக்கில் எழுதி வைப்பார்கள்.