சிரிக்க வைத்தவரின் துணிவு

கதாநாயகியரின் வாழ்க்கையைப் பற்றி எழுதுவோர் பலர். அவர்களுடைய பிறந்த நாளும் நினைவு நாளும் பத்திரிகைகளில் தவறாது இடம்பெறுகின்றன. அதே திரையில் தோன்றி எம்மைச் சிரிக்க வைத்துவிட்டுச் சென்ற நகைச்சுவை நடிகையரையோ நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். சிரிப்பு இலேசானது, எனவே அதனைத் தந்தவரும் இலேசானவரே என்ற எண்ணம் எம்முள் எங்கோ வேரூன்றியிருக்கின்றது. அவ்வெண்ணம் எத்துணை தவறானது என்பதற்கு டி.ஏ. மதுரத்தின் வாழ்க்கை சிறந்ததொரு சான்றாகும்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனத் தொடரும் எமது கரையோர ஊர்களின் மூத்தோர் பலருக்கு என்.எஸ். கிருஷ்ணன் - மதுரம் ஜோடி நன்கு அறிமுகமானது. ஆயினும் 'கலைவாணர்' என்றதும் கிருஷ்ணன் ஒருவரே நினைவுக்கு வருகிறார். அவருக்கு இணையாக நின்று நடித்தவரும், அவர் வீழ்ந்தபோது தூக்கி நிறுத்தியவருமான மதுரத்தின் பெயர் இளைய தலைமுறையினருக்குப் புதிதாகவே இருக்கும்.

1918ஆம் ஆண்டு திருவரங்கத்தில் பிறந்த மதுரம், 1935இல் வெளியான 'ரத்னாவளி' திரைப்படத்தின் மூலம் திரையுலகில் காலடி வைத்தார். பெண்கள் மேடையேறுவது இழிவாகக் கருதப்பட்ட காலம் அது. பல நாடகக் கம்பனிகளில் பெண் வேடங்களைக்கூடச் சிறுவர்களே ஏற்றனர். திரையில் தோன்றும் பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி எவரும் எதையும் பேசலாம் என்ற நிலை இருந்தது. அத்தகைய சூழலிலேயே பதினேழு வயதை ஒட்டிய ஓர் இளம்பெண், அதுவும் நகைச்சுவையைத் தன் துறையாகக் கொள்ளத் துணிந்தார்.

'வசந்தசேனா' (1936) படப்பிடிப்புக்காகப் பூனாவுக்குச் சென்ற வேளையில் மதுரமும், நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியைச் சேர்ந்த கிருஷ்ணனும் நெருங்கிப் பழகி, அங்கேயே திருமணம் செய்துகொண்டனர். கிருஷ்ணன் முன்னரே மணமானவர் என்பதை மதுரம் பின்னரே அறிந்தார். கசப்பு எழுந்தது இயல்பே. எனினும் அக்கசப்பைக் கடந்து அவர்கள் சேர்ந்து வாழ்ந்தனர்; சேர்ந்தே உழைத்தனர். 'அம்பிகாபதி' (1937), 'அசோக்குமார்' (1941), 'கண்ணகி' (1942) என அவர்கள் இணைந்து நடித்த படங்களின் பட்டியல் நீண்டது.

அக்காலப் படங்களில் நகைச்சுவைப் பகுதி பெரும்பாலும் மூலக்கதையோடு ஒட்டாத ஒரு கிளைக்கதையாகவே அமைந்தது. அதற்கான கருவை யோசிப்பது, உரையாடலை எழுதுவது, துணை நடிகர்களைத் தேர்வது யாவற்றையும் கிருஷ்ணன் குழுவினரே பார்த்துக்கொண்டனர். பாடல்களையும் இருவரும் தம் சொந்தக் குரலிலேயே பாடினர். நகைச்சுவை உரையாடலில் ஒருவர் சொல்ல மற்றவர் மடக்க வேண்டும். மடக்குபவர் ஒரு நொடி பிந்தினாலும் சிரிப்பு செத்துவிடும். அந்த நொடியை நன்கறிந்தவர் மதுரம். வாய்வீச்சில் கிருஷ்ணனுக்குச் சற்றும் குறையாதவராக, அவருடைய பாத்திரத்தின் அசட்டுத்தனத்தைச் சுட்டிக்காட்டும் பெண்ணாக அவர் திரையில் நின்றார். கிருஷ்ணன் நகைச்சுவையினூடே சொல்ல விழைந்த சீர்திருத்தக் கருத்துகள் பிரசங்கமாகிவிடாமல் மக்களைச் சென்றடைந்தமைக்கு மதுரத்தின் எதிர்வாதங்களும் காரணமாக இருந்தன.

1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதருடன் இவ்விருவரும் நடித்திருந்தனர். சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. புகழின் உச்சி என்பது அதுவே. ஆனால் அத்தீபாவளி கழிந்து ஒரு மாதம் நிறைவதற்குள் இடி விழுந்தது.

லட்சுமிகாந்தன் என்பவர் அந்நாளில் 'சினிமா தூது' என்ற பத்திரிகையையும், அதன் பின்னர் 'இந்துநேசன்' என்ற பத்திரிகையையும் நடத்தி வந்தார். நடிகர் நடிகையரின் அந்தரங்கம் எனக் கூறி அவதூறுகளை அச்சிட்டு விற்பதே அவற்றின் தொழில். 1944 நவம்பர் 8ஆம் திகதி சென்னை வேப்பேரியில் வைத்து அவர் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் உயிரிழந்தார். டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதம் ஜூரிகளின் தீர்ப்பையடுத்து இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் மேன்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

மதுரத்துக்கு அப்போது வயது 27. அவர் பெற்ற ஒரே மகவும் சிசுப் பருவத்திலேயே மறைந்துவிட்டிருந்தது. கணவர் சிறையில். கைகொடுத்த நண்பர்கள் சிலர் உண்டு. எனினும் கொலைக் குற்றவாளியின் மனைவி எனச் சுட்டிய விரல்களே அதிகம். வழக்கு நடத்தப் பெரும் பணம் தேவைப்பட்டது. மூலையில் அமர்ந்து அழுதிருந்தால் அவரை எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

அவர் மீண்டும் மேடையேறினார். நடிகர் எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு கிருஷ்ணனின் பெயரால் அமைந்த நாடகக் குழுவை நடத்தினார். அக்குழுவின் 'பைத்தியக்காரன்' நாடகத்தைத் திரைப்படமாக்கும் பணியும் தொடங்கிற்று. கிருஷ்ணன் - பஞ்சு இயக்கிய அப்படத்தில் மதுரம் இரட்டை வேடம் ஏற்றார். பிற்காலத்தில் தமிழக முதலமைச்சரான எம்.ஜி. இராமச்சந்திரன் அதில் சிறு வேடமொன்றில் தோன்றினார். கணவரின் விடுதலைக்காக ஒரு பெண் பகலும் இரவும் உழைத்தமையை அவ்வேளையில் திரையுலகமே கண்டது.

வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் எனப்படும் கோமறைக் கழகத்துக்குச் சென்றது. எமது நாட்டின் வழக்குகளும் ஒரு காலத்தில் இறுதி மேன்முறையீட்டுக்காகச் சென்ற அதே மன்றம்தான். அது வழக்கை மீண்டும் ஆராயுமாறு சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. அங்கு புகழ்பெற்ற சட்டத்தரணி வி.எல். எத்திராஜ் வாதாடினார். நீதியரசர்கள் ஹாப்பெல், ஷஹாபுத்தீன் ஆகியோர் சாட்சியங்களை ஏற்க மறுத்து, 1947 ஏப்ரலில் இருவரையும் குற்றமற்றவர்கள் என விடுவித்தனர். லட்சுமிகாந்தனைக் கொன்றவர் யார் என்பது இன்றுவரை துலங்கவில்லை.

விடுதலைக்குப் பின்னர் நிகழ்ந்தது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பாகவதரின் திரைவாழ்வு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 1959இல் அவர் மறைந்தார். கிருஷ்ணனோ வெளியே வந்ததும் 'பைத்தியக்காரன்' படத்திலேயே தோன்றினார். அண்ணாதுரையின் எழுத்தில் உருவான 'நல்லதம்பி' (1949) முதலான படங்கள் தொடர்ந்தன. இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும் கணவர் திரும்பி வந்து நிற்பதற்கு ஒரு மேடையை மதுரம் காத்து வைத்திருந்தார் என்பதை எவரும் மறுக்க முடியாது.

கிருஷ்ணன் 1957இல் காலமானார். சம்பாதித்ததை இல்லாதவர்க்கு வாரி வழங்கியவர் என்பதால் குடும்பத்துக்குப் பெருஞ்செல்வம் எதுவும் எஞ்சவில்லை. மதுரம் பெரும்பாலும் திரையை விட்டு ஒதுங்கினார். கிருஷ்ணனுக்கும் தம் தங்கைக்கும் பிறந்த பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே கருதி வளர்த்தார். 1974இல் அவரும் மறைந்தார்.

பத்திரிகைத் தொழிலில் இருக்கும் எமக்கு இவ்வரலாறு வேறொன்றையும் உணர்த்துகின்றது. லட்சுமிகாந்தனின் கொலையை எவரும் நியாயப்படுத்த முடியாது. அவதூறுக்குக் கத்தி விடையாகாது. ஆனால் அவருடைய பத்திரிகைகள் எவ்வாறு விலைபோயின என்ற வினா எஞ்சி நிற்கின்றது. வாங்கிப் படித்தவர்கள் இருந்தமையாலேயே அவை விலைபோயின. அன்று அச்சகமும் காகிதமும் தேவைப்பட்ட அவ்வேலைக்கு இன்று ஒரு கைத்தொலைபேசி போதும். ஒரு பெண்ணின் படத்தையும் அதற்கு மேல் ஒரு பொய்யையும் நொடியில் ஊரெங்கும் பரப்பிவிடலாம். வள்ளுவர் புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். புறம்பேசுவதை இறந்த சகோதரனின் மாமிசத்தை உண்பதற்கு ஒப்பிடுகின்றது திருக்குர்ஆன். இரு வழியினரும் இவற்றை மனனம் செய்திருக்கிறோம். ஆயினும் எமது விரல்கள் ஓய்வதில்லை.

எமது மண்ணின் பெண்களுக்கு நகைச்சுவை அந்நியமானதன்று. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் திரட்டித் தந்த கிழக்கிலங்கை முஸ்லிம் நாட்டார் கவிகளைப் படிப்போர், கேலியிலும் கிண்டலிலும் எம் பாட்டிமார் எவ்வளவு கூர்மையானவர்கள் என்பதை அறிவர். ஆயினும் இலங்கையின் தமிழ் நகைச்சுவை என்றதும் வானொலியிலிருந்து திரைக்கு வந்த 'கோமாளிகள்' (1976) படத்தின் ஆண் கலைஞர்களே எம் நினைவில் நிற்கின்றனர். வீட்டு முற்றத்தில் சிரிக்க வைத்த பெண் ஊர் மேடைக்கு வர ஏன் தயங்கினாள் என்பதை நாம் எம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெண்கள் மேடையேறுவது குறித்து எமது குடும்பங்களிடையே வெவ்வேறு நிலைப்பாடுகள் உண்டு. அவற்றுள் எது சரி எனத் தீர்ப்புக் கூறுவது எமது நோக்கமன்று. ஆனால் பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டி நாடகத்தில் நடித்துச் சபையைச் சிரிக்க வைத்த ஒரு மாணவி, மறுநாள் வீதியில் தலைகுனிந்து நடக்க நேருமாயின் அக்குற்றம் அவளுடையதன்று. அவளைப் பற்றிப் பேசியவர்களுடையதும், அதைக் கேட்டு மௌனமாக இருந்த எம்முடையதுமாகும்.

சிரிக்க வைப்பவரை நாம் இலேசாக எடைபோடுகிறோம். மதுரத்தின் துணிவு அவருடைய சிரிப்புக்கு அப்பாலிருந்து வந்ததன்று. சபையின் முன் நின்று சொல்லுக்குச் சொல் பதில் கூறப் பழகிய பெண், காலம் கேட்ட கேள்விக்கும் அவ்வாறே பதில் கூறினார். அவரை நினைவுகூர்வதற்கு விழாவோ சிலையோ தேவையில்லை. அடுத்த முறை ஒரு கலைஞரைப் பற்றிய வதந்தி எமது கைக்கு வரும்போது, அதனை அடுத்தவருக்கு அனுப்பாமல் விடுவோமாயின் அதுவே அவருக்கு நாம் செலுத்தும் மரியாதையாகும்.