வெறும் ராடிலிருந்து தொடங்கலாம்

தண்ணீர் போடுகிற தம்பி கேனை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதை உள்ளே கொண்டுவந்து ஸ்டாண்டில் கவிழ்ப்பது பெரும்பாலும் வீட்டில் இருக்கிற பெண்தான். 20 லிட்டர் என்றால் 20 கிலோ. சமையல் சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் முப்பது கிலோவை ஒட்டிவரும். 25 கிலோ அரிசிச் சிப்பத்தை நகர்த்துகிறோம், தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறுகிறோம். இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று யாரும் நமக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. முதுகு பிடித்துக்கொண்ட பிறகு தைலம் தேய்ப்பதற்கு மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள்.

இப்படித் தூக்கிப் பழகியவர் ஜிம்முக்குப் போனால் கையில் 1 கிலோ டம்பெல்லைத் தருகிறார்கள். நாற்பத்தொரு வயதில் நான் சேர்ந்தபோது எனக்கும் அதுதான் கிடைத்தது. “லேடீஸுக்கு இது போதும் மேடம்” என்றார் மாஸ்டர். மூன்று மாதம் அதையே ஆட்டிக்கொண்டிருந்தேன், உடம்பில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு வேறு ஊரில் ஒரு பெண் பயிற்சியாளர், எடைப் பிளேட்டுகளை மாட்டித் தூக்கும் இரும்பு ராடை என் கையில் கொடுத்தார். வீணாய்ப் போன அந்த மூன்று மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான். உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

தசை வலுப்பெற ஒரு காரணம் வேண்டும். நேற்று சுமந்ததைவிட இன்று கொஞ்சம் கூடுதலாகச் சுமக்கவேண்டி வந்தால்தான் உடம்பு தன்னை மாற்றிக்கொள்ளும். எலும்பும் அப்படித்தான். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்புத் தேய்மானம் வேகமெடுக்கிறது. அதை மட்டுப்படுத்துவதில் எடைப் பயிற்சிக்கு முக்கியமான பங்கு உண்டு. நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லதுதான், ஆனால் அது ஒன்றே போதாது. அதனால்தான் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு.

“ஆம்பளை மாதிரி ஆயிடுவேனோ?” என்ற பயம் பலருக்கும் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் வெள்ளி வாங்கிய மீராபாய் சானு 49 கிலோ எடைப்பிரிவில் போட்டியிட்டவர். ஒரே தூக்கில் 115 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தினார், அதாவது தன் உடம்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அவர் படத்தை எடுத்துப் பாருங்கள், சின்னஞ்சிறிய உருவம். தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கு ஆண்களைவிட மிகமிகக் குறைவு. மேடையில் தசையைக் காட்டும் பெண்கள் பல வருடம் அதற்கென்றே உண்டு, உழைத்து அந்த உடம்பை உருவாக்கியவர்கள். வாரத்தில் மூன்று நாள் போகிறவருக்குத் தெரியாமல் அது வந்து சேராது.

முதலில் கற்கவேண்டியது டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடப்பதை நிமிர்ந்து எடுப்பது. இதற்கு அடிப்படை முதுகு வளையாமல் இடுப்பில் மடிவது. இரண்டு கையிலும் பாத்திரம் இருக்கும்போது பின்பக்கத்தால் கதவைத் தள்ளிச் சாத்துவோமே, அதே அசைவுதான். வீட்டில் ஒட்டடைக் கம்பை எடுத்து முதுகோடு நிறுத்திப் பிடியுங்கள். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றும் கம்பைத் தொடவேண்டும். முழங்காலை லேசாகத் தளர்த்தி, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். மூன்றில் ஒன்று கம்பை விட்டு விலகினால் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். தொடையின் பின்பக்கம் இழுத்துப் பிடித்தால் சரியாகச் செய்கிறீர்கள். ஒரு வாரம் இதை மட்டும் செய்தாலும் நஷ்டமில்லை.

பிறகு ராடு. ஷூ லேஸ் முடிச்சுக்கு நேர் மேலே ராடு வரும்படி நில்லுங்கள். வயிறு நிறைய மூச்சை இழுத்து, யாரோ வயிற்றில் குத்த வருவதுபோல் இறுக்கிக்கொள்ளுங்கள். கையால் இழுப்பதாக நினைக்காமல் காலால் தரையை அழுத்துங்கள். ராடு கெண்டைக்கால் முன்எலும்பையும் தொடையையும் உரசினாற்போல் மேலே வரவேண்டும். அது உடம்பை விட்டுத் தள்ளிப் போகப் போகக் கீழ்முதுகுக்குச் சுமை ஏறும். நிமிர்ந்ததும் மூச்சை விடலாம். ஒரு விஷயத்தைப் பல இடங்களில் கவனிப்பதில்லை. பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், அது மாட்டியிருந்தால் ராடு தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். சின்ன பிளேட்டு மாட்டும் புதியவருக்கு அந்த உயரம் கிடைக்காது, அளவுக்கு மீறிக் குனியவேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் கட்டையோ பிளேட்டுகளோ அடுக்கி ராடை உயர்த்திவைக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

இதோடு குந்தி எழும் ஸ்குவாட், தலைக்கு மேல் தள்ளும் பிரஸ், குனிந்து வயிற்றை நோக்கி இழுக்கும் ரோ. இந்த நான்கும் சேர்ந்தால் உடம்பின் பெரிய தசைகள் எல்லாம் வேலை செய்துவிடும். ஸ்குவாட்டில் நமக்கு ஒரு வசதி உண்டு. கோலம் போட்டும் அரிவாள்மணையில் உட்கார்ந்தும் பழகியவர்களுக்கு ஆழமாகக் குந்துவது புதிதல்ல. வாரத்தில் இரண்டு நாளோ மூன்று நாளோ, நடுவில் ஒரு நாள் ஓய்வு. ஒவ்வொன்றும் மூன்று செட், செட்டுக்கு எட்டு முதல் பத்து முறை. கடைசி முறை முடிக்கும்போது இன்னும் இரண்டு முறை செய்யத் தெம்பு மிச்சம் இருந்தால் அதுதான் உங்களுக்கான எடை. ஐந்தாறு மிச்சம் இருந்தால் எடை போதாது.

ராடின் எடையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போட்டிகளில் பெண்களுக்கான ராடு 15 கிலோ, ஆண்களுக்கு 20. தெருமுனை ஜிம்களில் நீளத்துக்கு ஏற்ப எல்லா எடையிலும் கிடக்கும். பிரஸ்ஸுக்கு 10 கிலோ ராடு எடுத்தீர்கள், இருப்பதிலேயே சின்ன பிளேட்டு இரண்டரை கிலோ என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஒன்று மாட்டினால் ஒரேயடியாக 15 ஆகிவிடும், ஒன்றரை மடங்கு. ஐம்பது கிலோ தள்ளும் ஆணுக்கு அதே ஐந்து கிலோ பத்தில் ஒரு பங்குதான். பெண்கள் பிரஸ்ஸில் தேங்கிப்போய், “நமக்கு வராது” என்று விடுவதற்கு இது பெரிய காரணம். அரைக் கிலோ, ஒரு கிலோ பிளேட்டு ஒவ்வொரு ஜோடி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதே எடையில் எட்டு முறையைப் பன்னிரண்டு வரை கொண்டுபோய்விட்டு ஏற்றுங்கள். தேதி, எடை, எத்தனை முறை என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள், அடுத்த தடவை என்ன தூக்குவது என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும்.

தாலிச்செயினை உள்ளே விட்டுப் பின் குத்திக்கொள்ளுங்கள், முடிந்தால் கழற்றிவிடுங்கள். ராடில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து நிஜமானது. வளையல், மோதிரம் வேண்டாம். பெஞ்சில் படுத்துச் செய்யும் பயிற்சிக்கு முன் பின்னலை உச்சியில் தூக்கிக் கட்டுங்கள். மெத்தென்ற ஓட்டப்பயிற்சி ஷூ எடையின் கீழ் ஆடும், தட்டையான கேன்வாஸ் ஷூ போதும்.

இரண்டாவது நாள் உட்கார்ந்து எழ முடியாமல் தொடை வலிக்கும். இரண்டு மூன்று நாளில் போய்விடும், பயப்படவேண்டாம். மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ வலி காலுக்கு இறங்கினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எடை தூக்கும்போது சிறுநீர் கசிவது பிள்ளை பெற்றவர்களிடம் அடிக்கடி காணப்படுகிறது. வெட்கப்பட்டு நின்றுவிடுகிறார்கள். எடையைக் குறைத்து, மூச்சை விட்டபடி தூக்கிப் பாருங்கள். இடுப்புத்தளத் தசைகளுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனால் பெரும்பாலும் சரியாகும். கர்ப்பம், சிசேரியன், கருப்பை இறக்கம், இரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். மாதவிடாய் நாட்களில் முடிந்தால் செய்யலாம், முடியவில்லையென்றால் விடலாம், தடை ஏதுமில்லை.

சாப்பாட்டில்தான் நம் பெண்கள் தங்களுக்கே அநியாயம் செய்கிறார்கள். 60 கிலோ எடையுள்ள பெண் சாதாரணமாக இருந்தாலே நாளுக்கு 50 கிராம் புரதம் வேண்டும், பளு தூக்கினால் 70 கிராமுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராமை ஒட்டி, ஒரு கிண்ணம் சுண்டலில் 8 அல்லது 9. காலையில் இரண்டு இட்லி, மதியம் எல்லாரும் சாப்பிட்டதும் மிஞ்சிய குழம்பு என்றால் அதில் பாதிகூடத் தேறாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை. இரண்டு செட்டிலேயே மூச்சு வாங்கித் தலை சுற்றினால் உடம்பு சோம்பேறி என்று திட்டிக்கொள்ளாமல் ஹீமோகுளோபினைப் பாருங்கள்.

முதல் மாதம் எடை மெஷினில் அரைக் கிலோ, ஒரு கிலோ கூடியும் காட்டலாம். வேலை செய்யத் தொடங்கிய தசை நீரைப் பிடித்துவைப்பதால் வருவது அது. மெஷினை விட்டுவிட்டு டெய்லரின் டேப்பால் இடுப்பை அளந்து எழுதிவையுங்கள். கல்யாணம், காய்ச்சல், பிள்ளைகளின் பரீட்சை என்று இரண்டு வாரம் விட்டுப்போகும், எல்லாருக்கும் போகும். திரும்பி வரும் நாள் நோட்டில் கடைசியாக எழுதிய எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து அங்கிருந்து தூக்குங்கள், பழைய எடை சில நாளில் கைக்கு வந்துவிடும்.