பழவேற்காடு கலங்கரை விளக்கம்

பழவேற்காடு கலங்கரை விளக்கம், திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையிலுள்ள மணல்பகுதியில் அமைந்துள்ளது. 1859ஆம் ஆண்டு முதல் இவ்விடத்தில் விளக்கு இருந்து வருகிறது. அதைச் சுற்றியுள்ள மீனவர் குடியிருப்பு லைட்ஹவுஸ் குப்பம் என்றே அழைக்கப்படுகிறது. வடசென்னையின் காசிமேட்டிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் இருந்தாலும், நகரத்தின் இரைச்சல் எட்டாத ஒதுக்குப்புறம் இது.

பெயர்

கலம் என்றால் மரக்கலம். கரைதல் என்றால் அழைத்தல். கலங்களைக் கரைக்கு அழைக்கும் விளக்கு என்பதே கலங்கரை விளக்கம் என்பதன் பொருள் என்று விளக்குவர். இச்சொல் சிலப்பதிகாரத்திலேயே வருகிறது. உயர்ந்த மாடத்தில் இரவில் விளக்கேற்றிக் கப்பல்களுக்கு வழிகாட்டிய செய்தியைப் பெரும்பாணாற்றுப்படையும் கூறுகிறது.

இங்கே விளக்கு ஏன்?

பெரும்பாலான கலங்கரை விளக்கங்கள் துறைமுகம் இருக்குமிடத்தைக் காட்டுகின்றன. சென்னையில் 1796இல் கோட்டைக்குள் ஏற்றப்பட்ட முதல் விளக்கும், 1844 முதல் எரிந்த, இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்துத் தூண் விளக்கும், 1977 முதல் மெரினாவில் இயங்கும் விளக்கும் அத்தகையவை. அவை "இங்கே வா" என்று அழைப்பவை. பழவேற்காட்டு விளக்கோ முதன்மையாக "விலகிப் போ" என்று எச்சரிப்பது. இக்கரைக்கு எதிரே கடலுக்கடியில் மணல்திட்டுகள் உள்ளன. மேலே நீர் அமைதியாகத் தெரிந்தாலும் ஆழம் குறைவு. வடக்கிலிருந்து சென்னை நோக்கி வரும் கப்பல் இரவில் கரையை நெருங்கினால் தரைதட்டும் ஆபத்து உண்டு.

ஒவ்வொரு கலங்கரை விளக்கமும் தனக்கென ஒதுக்கப்பட்ட கால இடைவெளியில் மின்னும். அந்த இடைவெளியை எண்ணிப் பார்த்து, எந்த ஊர் விளக்கு என்று மாலுமிகள் அறிந்துகொள்வர். இன்று செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி விசைப்படகுகளிலும் வந்துவிட்டது. கருவி பழுதானாலோ மின்கலம் தீர்ந்தாலோ, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே துணை.

மணல் செய்யும் வேலை

கப்பலுக்கு ஆபத்தான அதே மணல்தான் ஏரியையும் உண்டாக்கியது. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே மணல் நீளமாகப் படிந்து அணைபோல நின்றதால் உள்ளே தேங்கிய நீர்ப்பரப்பே பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. ஏரியையும் கடலையும் பிரிக்கும் நிலத்தின் வடபகுதியே ராக்கெட் ஏவுதளம் அமைந்த ஸ்ரீஹரிகோட்டா.

ஆரணியாறு போன்ற ஆறுகளின் நன்னீரும், முகத்துவாரம் வழியாக வரும் கடல்நீரும் ஏரியில் கலக்கின்றன. இறால், நண்டு, மீன் குஞ்சுகள் உள்ளே வந்து வளர்வது இந்தக் கலப்பு நீரில்தான். முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் நீரோட்டம் குறையும், மீன்வரத்தும் குறையும். படகுகள் கடலுக்குச் செல்லும் வழியும் அடைபடும். எனவே முகத்துவாரத்தின் இருபுறமும் தடுப்புச்சுவர் எழுப்பி அதை நிலையாகத் திறந்துவைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு மேற்கொண்டது.

காசிமேட்டுக்காரர்களுக்கு இந்த மணற்கதை புதிதல்ல. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திசை மாறுகிறது. 1870களில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் கட்டப்பட்டதும் வடக்கே செல்லவேண்டிய மணல் தெற்கே தங்கிவிட்டது. மெரினா அகன்றது, ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கொட்டப்பட்டுள்ள பாறைகள் அதன் விளைவே. பின்னர் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கினால் தங்கள் கரையும் முகத்துவாரமும் பாதிக்கப்படும் என்று பழவேற்காட்டு மீனவர்கள் அஞ்சுவதற்கு வடசென்னையின் அனுபவம் ஒரு காரணம்.

செல்லும் வழி

காசிமேட்டிலிருந்து செல்வோர் தண்டையார்பேட்டை அல்லது கொருக்குப்பேட்டை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் ரயிலில் ஏறலாம். திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் வழியாகப் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு செல்லலாம். ஊருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்துக்கும் இடையே ஏரிநீர் உள்ளது. முன்பு படகில் கடந்த இந்நீரை இப்போது பாலத்தின் வழியே கடக்கலாம்.

பழவேற்காட்டு ஊருக்குள் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் உள்ளது. இந்தியத் தொல்லியல் துறை அதைப் பாதுகாத்து வருகிறது. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கு கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் பழவேற்காடே. குளிர்காலத்தில் ஏரியில் பூநாரைகளைக் காணலாம்.

கவனிக்க வேண்டியவை

கலங்கரை விளக்கம் இன்றும் பணியில் உள்ள மத்திய அரசு நிலையம். கோபுரத்தில் ஏறவும் படம் எடுக்கவும் அங்குள்ள பணியாளர்களின் அனுமதி வேண்டும். முகத்துவாரத்தில் குளிப்பதும் படகில் உல்லாசமாகச் செல்வதும் ஆபத்தானவை. ஏரிநீரும் கடலலையும் மோதும் அவ்விடத்தில் ஆழமும் இழுப்பும் அடிக்கடி மாறும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா சென்றவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அதன்பின் சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. "கொஞ்ச தூரம்தான்" என்று யாரேனும் அழைத்தாலும் ஏறாமல் இருப்பதே அறிவுடைமை.

புவியியல் பாடத்தில் மணல்திட்டு, உவர்நீர் ஏரி, கரை அரிப்பு ஆகியவற்றைத் தனித்தனியே படிக்கும் மாணவர்கள், இம்மூன்றும் ஒரே மணலின் வேலை என்பதை இப்பயணத்தில் நேரில் காணலாம். எண்ணூர் சாலையின் பாறைகளைப் பார்த்துவிட்டுப் பழவேற்காடு முகத்துவாரத்தைப் பார்த்தால் தொடர்பு எளிதில் விளங்கும்.