காசநோய்: காடா, பட்டியா?

மாட்டுக் காசநோய் என்றதும் உலகம் காட்டைத்தான் கைகாட்டும். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் 1971இல் செத்துக்கிடந்த பேட்ஜர் ஒன்றில் அந்தக் கிருமி அகப்பட்டது. வளை தோண்டி வாழும் அந்தப் பிராணிகளில் 2013க்குப் பிறகு மட்டும் இரண்டு இலட்சத்துக்கு மேல் கொன்றுவிட்டார்கள்; சண்டை இன்னும் ஓயவில்லை. தென்னாபிரிக்காவின் க்ரூகர் வனத்தில் நோய் எதிர்த்திசையில் போனது. எல்லையோர மாடுகளிடமிருந்து காட்டெருமைக்கு, அதை அடித்துத் தின்ற சிங்கத்துக்கு.

நம் பக்கத்து யானைகளின் சங்கதி இன்னும் சங்கடமானது. இலங்கைக் காட்டு யானை ஒன்றுக்குக் காசநோய் உறுதியானது 2014இல் பதிவாயிற்று. 2017இல் தென்னிந்தியக் காட்டு யானைகள் மூன்றைப் பற்றி அறிக்கை வந்தது. அந்த மூன்றிலும் இருந்தது மாட்டின் கிருமியல்ல, மனிதரைப் பீடிக்கும் கிருமி!

இலங்கையின் ஒலுவில் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டை இப்பகுதியில் அறியாதவர் குறைவு. அங்கே பொலித்தீன் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. அவற்றைக் கொன்றது காசநோயல்ல. ஆனால் யானை வரும் குப்பையில் கட்டாக்காலி மாடும் வாய் வைத்தால், தொற்றுக்கு வேறு வழி தேட வேண்டியதில்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் மான்களுக்காகக் கொட்டிய தீனிக் குவியல்கள்தான் இந்நோய் பரவத் துணைபோயின. தீனி போடுவதையே தடைசெய்தார்கள்.

மாடும் காட்டு விலங்கும் சந்திப்பது குப்பையில் மட்டுமல்ல. வயல் விதைத்ததும் பட்டிக்காரர் மாடுகளைக் காட்டோரம் சாய்த்தாக வேண்டும். வட்டமடு மேய்ச்சல் தரைத் தகராறு எத்தனை காலமாக இழுபடுகிறது! தரை சுருங்கினால் மாடு காட்டுக்குள்தான் போகும். இந்தத் தகராறை வெறும் காணிப் பிரச்சினையாகப் பார்ப்பது போதாது.

நோய் பிடித்த மாடு மாதக்கணக்கில் கொழுகொழுவென்றே நிற்கும். கழுத்துத் தோலில் டியூபர்குலின் ஊசி போட்டு, 72 மணித்தியாலம் கழித்து வீக்கத்தை அளந்தால்தான் தெரியும். மனிதருக்கு வருவது பெரும்பாலும் பச்சைப் பாலில். தயிரின் புளிப்பை நம்ப முடியாது. பாலைப் பொங்கக் காய்ச்சி உறை ஊற்றினால் பயமில்லை. தொற்றியவருக்கு வழமையான நான்கு மருந்துகளில் ஒன்றான பைரசினமைட் வேலை செய்யாது.

மடுவத்தில் அறுக்கும் மாட்டைப் பரிசோதிக்க ஆளிருக்கும். வீட்டு முற்றத்தில் உழ்ஹிய்யா (குர்பான்) கொடுப்பவர்கள் நுரையீரலையும் அதையொட்டிய கழலைகளையும் தாங்களே பார்க்கலாம். மஞ்சள் கட்டிகள் இருந்து, கத்தி படும்போது மணல்போல் நெறுநெறுத்தால், அதற்குமேல் வெட்டாமல், இறைச்சியைப் பங்கிடாமல், கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள்.