இருட்டுவதற்கு முன் எங்கே தங்குவது? – அந்தமானில் இரு சக்கரப் பயணம்

கடவுச்சீட்டு தேவையில்லை, ஆயினும் கடல் கடந்து செல்லும் பயணம் என்ற உணர்வு வேண்டுவோர்க்கு அந்தமானைவிடப் பொருத்தமான இடம் நம் நாட்டில் வேறில்லை. சென்ற ஜனவரியில் நாங்கள் நால்வர், இரண்டு வாடகை வண்டிகளில் அத்தீவுகளைச் சுற்றிவர எண்ணிப் புறப்பட்டோம். பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. ஆகையால் இக்கட்டுரையில் ஒன்றைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்: ஒவ்வோர் இரவும் எங்கே தங்குவது என்பதை எவ்வாறு முடிவு செய்தோம், அதில் எங்கே தவறினோம் என்பது.

முதலில் சூரியனைக் கணக்கில் கொள்ள வேண்டும். அந்தமானிலும் சென்னையிலும் கடிகாரம் ஒன்றே காட்டும். ஆனால் தீவுகள் கிழக்கே வெகு தூரம் தள்ளி இருப்பதால், நண்பகல் அங்கே ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாகவே வந்துவிடுகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மாலை 5 மணியை ஒட்டிக் கதிரவன் மறைகிறான். ஐந்தே முக்காலுக்கெல்லாம் நல்ல இருட்டு. சென்னையில் ‘மாலை 6 மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்’ என்று கணக்கிடும் பழக்கம் அங்கே உதவாது. விடியலும் அவ்வாறே முந்திக்கொள்வதால், பகலில் நாம் இழப்பது ஒன்றுமில்லை. காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்து, பிற்பகல் மூன்று மணிக்கு விடுதியில் இருப்பதே அத்தீவுகளின் இயல்பான பயண நாள்.

அடுத்தது சாலை. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரிலிருந்து வடகோடியிலுள்ள திக்லிபூர் வரை, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்தமான் பெருவழிச் சாலை செல்கிறது. இதுவே நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை வரை, ஏறத்தாழ 50 கி.மீ. தூரம், இச்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டின் ஊடே போகிறது. அங்கே நம் விருப்பம்போல் செல்ல இயலாது. நாளொன்றுக்கு சில முறை மட்டும், காவலர் துணையுடன், வாகனங்கள் கான்வாயாக அணிவகுத்துச் செல்லும். முதல் அணி காலை 6 மணிக்கு. நிற்கக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, அம்மக்களுக்கு எதையும் கொடுக்கக் கூடாது. அவர்கள் சில நூறு பேரே. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி அவர்களைக் காக்கிறது. காப்புக்காட்டின் வழியே செல்லும் சாலைப் பகுதிகளை மூடுமாறு 2002ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டது. சாலை இன்னும் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் வாடகை வண்டிகளின் ஒப்பந்தமோ தென் அந்தமானுக்கு மட்டுமே செல்லும் என எழுதப்பட்டிருந்தது. கையொப்பமிடும் முன் அதைப் படித்தது நல்லதாயிற்று. எல்லை மீறி ஓட்டிய வண்டிக்கு விபத்து நேர்ந்தால், காப்பீடு பற்றிய பேச்சே சிக்கலாகிவிடும். ஆகவே பயணத்தைத் துண்டுகளாக்கினோம். தெற்கில் ஒரு வண்டி. நடுவே அரசுப் பேருந்து. வடக்கே போய் வேறொரு வண்டி. தலைக்கவசங்களை மட்டும் எங்களுடனேயே சுமந்து சென்றோம். பேருந்தில் அவை படுத்திய பாடு தனிக்கதை.

இந்த ஏற்பாட்டினால் தங்குமிடத் தேர்வு எளிதாயிற்று. தலைநகரில் இரு இரவுகள், அபர்தீன் கடைவீதியை ஒட்டி. கடற்கரையோர விடுதிகள் அழகானவைதாம். ஆனால் வண்டிக் கடை, வங்கி, பேருந்து நிலையம் மூன்றும் நடந்து செல்லும் தூரத்தில் இருந்தது எங்களுக்குப் பெரிதாகத் தோன்றியது. விடியுமுன் புறப்படும் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு அலையோசையால் பயனில்லை. சூரிய அத்தமனம் காண எல்லோரும் செல்லும் சிடியாத்தாப்புக்கு நாங்கள் காலையில் சென்றோம். 25 கி.மீ. வளைவுச் சாலையில் இருட்டில் திரும்பும் வேலை மிச்சமாயிற்று.

பாராடாங்கில் ஓர் இரவு தங்கியது இப்பயணத்தின் மிகச் சிறந்த முடிவு என்று இன்றும் கருதுகிறோம். சுண்ணாம்புக் குகைகளையும் சேற்று எரிமலையையும் காண வருவோரில் பெரும்பாலோர் தலைநகரிலிருந்து பின்னிரவு 3 மணிக்குக் கிளம்பி, அன்றே திரும்பிவிடுகின்றனர். அதனால் ஒரே நாளில் இருமுறை காப்புக்காட்டைக் கடக்கின்றனர். அங்கே தங்கினால் ஒருமுறை கடந்தால் போதும்; கூட்டம் வடிந்த பின் சதுப்புநிலக் கால்வாயில் படகில் செல்லும் அமைதியும் கிட்டும். நிலம்பூர் படகுத்துறையருகே விடுதிகள் மிகச் சில, அறைகள் எளியவை, விசிறி மின்சாரத்தின் விருப்பப்படி சுற்றும். முன்கூட்டியே தொலைபேசியில் பேசி வைப்பது அவசியம்.

ரங்கத்தைப் பலரும் கடந்து போய்விடுகிறார்கள். கத்பர்ட் விரிகுடாவில் ஆமைகள் முட்டையிட வரும் கரையும், தனிநல்லாவில் அலையாத்திக் காட்டினூடே செல்லும் நெடிய மரநடைபாதையும் அங்குண்டு. ஆனால் எங்களுக்கு அவ்வூர் முக்கியமானதற்குக் காரணம் வேறு. அங்கிருந்து வாரத்தில் சில நாள்கள் ஸ்வராஜ் தீவுக்கு, அதாவது பழைய ஹேவ்லாக்குக்கு, அரசுப் படகு செல்கிறது. அதில் ஏறினால் திரும்பும்போது காப்புக்காட்டு வழியே போக வேண்டியதில்லை. எனவே முதலில் படகு நாளைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, வடக்கில் எத்தனை இரவுகள் என்று முடிவு செய்தோம்.

பணத்தைப் பற்றி இங்கேயே கூறிவிடுகிறோம். சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் செயல்பாட்டுக்கு வந்தபின், தீவுகளில் கைப்பேசிப் பணப்பரிமாற்றம் பெரிதும் சீரடைந்துள்ளது. எனினும் வடக்கே செல்லச் செல்ல அலைத்தொடர்பு விட்டு விட்டு வருகிறது. படகோட்டி, தேநீர்க் கடை, சிறு விடுதி, வண்டிக்கு முன்பணம் ஆகிய எல்லாவற்றுக்கும் பணத்தாள் வேண்டியிருந்தது. ஏ.டி.எம். உள்ள ஊரில் தங்கும் இரவிலேயே அடுத்த இரு நாள்களுக்கான தொகையை எடுத்து, இருவர் பையில் பிரித்து வைத்துக்கொண்டோம். பெட்ரோலும் அவ்வாறே, தங்கும் ஊரில் கலத்தை நிரப்பாமல் படுக்கக் கூடாது.

இனித் தவறு நேர்ந்த நாளுக்கு வருவோம். திக்லிபூரில் இரண்டு வண்டிகளை வாடகைக்குப் பிடித்து, தெற்கே மாயாபந்தருக்குச் சென்று ஓரிரவு தங்கினோம். 1925ஆம் ஆண்டில் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் இன மக்கள் வாழும் வெபி கிராமம் அருகில்தான் உள்ளது. கர்மாடாங் கடற்கரையும் எங்களை எளிதில் விடவில்லை. மறுநாள் 12 மணிக்குப் புறப்பட வேண்டியவர்கள் 2 மணிக்குப் புறப்பட்டோம். வழியில் சாலைப்பணி, குவித்த ஜல்லி, இடையே ஒரு மழை. ஜனவரியில் மழை பெய்யாது என்பது நாமாக நம்பிக்கொள்ளும் ஒன்றே. திக்லிபூர்க் கடைவீதியை அடைந்தபோது மணி 5.

நாங்கள் அன்றிரவுக்கு அறை எடுத்திருந்தது காலிபூர் கடற்கரையில்; இன்னும் 18 கி.மீ. ஊருக்குள்ளேயே விடுதிகள் இருந்தன. எங்களில் ஒருவர், ‘இங்கேயே தங்கிவிடலாம்’ என்றார். மற்ற மூவருக்கும் நினைவில் நின்றது, காலிபூரில் ஏற்கெனவே கட்டிவிட்ட இரண்டு அறைகளின் வாடகை 5,600 ரூபாய். ரத்து செய்தால் திரும்பாத பணம். ‘கட்டிய பணத்தை விடுவதா?’ என்று கேட்டவர்களில் இக்கட்டுரையை எழுதுவோரும் அடக்கம்.

புறப்பட்டோம். ஏரியல் பே தாண்டியதும் முற்றிலும் இருட்டிவிட்டது. ஒரு வளைவில் சாலை நடுவே மாடுகள் படுத்திருந்தன. முதல் வண்டி விலகிச் சென்றது. இரண்டாவது ஈரமண்ணில் சறுக்கி விழுந்தது. வேகம் குறைவாக இருந்ததாலும், தலைக்கவசம் இருந்ததாலும் பெரிய ஆபத்து நேரவில்லை. ஓட்டிய நண்பருக்கு மணிக்கட்டில் எலும்பு விரிசல். அக்கம் பக்கத்து வீடுகளிலிருந்து விளக்குடன் ஓடி வந்தவர்கள் வண்டியைத் தூக்கி நிறுத்தி, சரக்கு ஆட்டோ ஒன்றைப் பிடித்து எங்களைத் திக்லிபூருக்கே திருப்பி அனுப்பி வைத்தனர். அவர்கள் வங்காளத்தில் பேசினார்கள். நாங்கள் தமிழிலும் அரைகுறை இந்தியிலும். பணம் நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டார்கள். அன்றிரவு நாங்கள் தங்கியது, ஒரு மணி நேரத்துக்கு முன் வேண்டாமென்று கடந்து வந்த அதே கடைவீதி விடுதியில்தான்.

பின்னர் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அந்த 5,600 ரூபாய், நாங்கள் வண்டியில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் செலவாகிவிட்ட பணம். 5 மணிக்கு முன்னிருந்த கேள்வி, ‘இனி 18 கி.மீ. இருட்டில் ஓட்டலாமா?’ என்பது மட்டுமே. அதற்குள் அறை வாடகையைக் கொண்டுவந்து கலந்தது நாங்களே. கட்டிய பணத்தைக் காக்கப் போய், மருத்துவம், வண்டிப் பழுது, புதிய அறை எல்லாமாக அதைப் போல் இரு மடங்குக்கு மேல் செலவழித்தோம்.

அதன்பின் முறையை மாற்றிக்கொண்டோம். நெடுந்தூரம் ஓட்டும் நாளின் இரவுக்கு, சற்றுக் கூடுதல் வாடகையானாலும், கடைசி நேரத்தில் ரத்து செய்யக்கூடிய அறையையே எடுத்தோம். அந்தக் கூடுதல் தொகையைக் காப்பீட்டுச் சந்தாவாகவே கருதினோம். திரும்பப் பெற முடியாத அறைகளை, ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவுகள் தங்கும் ஊர்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு நாளும் பாதி வழியில் இன்னொரு தங்குமிடத்தின் எண்ணைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தோம். பிற்பகல் 3 மணிக்கு எங்கிருந்தாலும் வண்டியை நிறுத்தி, மீதித் தூரத்தை ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். நால்வரில் ஒருவர் ‘போதும்’ என்றாலும் அங்கேயே தங்கிவிட வேண்டும். பெரும்பான்மை வாக்கு இதற்கு உதவாது என்பதை நேரிலேயே கண்டிருந்தோம்.

காலிபூரை மறுநாள் பகலில் பேருந்தில் போய்ப் பார்த்தோம். 732 மீட்டர் உயரமுள்ள சேடில் சிகரம் முகிலுக்குள் ஒளிந்திருந்தது. ஏறும் நிலையில் நாங்களும் இல்லை. பின்னர் ரங்கத் வந்து, குறித்த நாளில் படகேறி ஸ்வராஜ் தீவை அடைந்தோம். அங்கே அத்தமனத்துக்குப் பெயர்பெற்ற ராதாநகர் கடற்கரை, படகுத்துறையிலிருந்து 12 கி.மீ. மேற்கே உள்ளது, விடுதிகள் பல கிழக்குக் கரையில் விஜயநகர்ப் பக்கம். மாலையில் அத்தமனம் கண்டபின் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் அக்குறுகிய மேட்டுச் சாலையில் இருட்டில் திரும்புகின்றன. நாங்கள் காலை ஆறரைக்கே சென்றோம். மணல்வெளியில் எங்களைத் தவிர நான்கைந்து பேரே இருந்தனர். கட்டுப் போட்ட கையுடன் நண்பர் பின்னிருக்கையில் அமர்ந்து, ஒவ்வொரு வளைவிலும் ‘மெதுவாக’ என்று சொல்லிக்கொண்டே வந்தார்.